வெள்ளை நாய்க்குக் காது கேட்குமா?

தோட்டக் காவலுக்கு ராஜபாளையம் நாய் வளர்க்க விரும்பும் விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பால் வெள்ளை நாய்க்குக் காது கேட்காது என்கிறார்களே, மெய்தானா?" என்பதே அது. குட்டி விற்பவரைக் கேட்டால், "அதெல்லாம் வேண்டாதவர்கள் கிளப்பிவிட்ட புரளி" என்பார். பக்கத்துத் தோட்டக்காரரைக் கேட்டால், "எல்லாமே செவிடு, வாங்காதே" என்பார். இரண்டும் சரியல்ல.

விவசாயப் பக்கத்தில் நாயின் நிறத்தைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். மக்காச்சோளக் காட்டிலும் கடலைக் காட்டிலும் இரவில் காட்டுப்பன்றி இறங்கி, விடிவதற்குள் உழுது போட்டாற்போல் செய்துவிட்டுப் போவதைக் கண்டவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். காவல் நாயின் வேலையில் பாதியைச் செய்வது அதன் காது.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கிராமத்திற்கு மண் மாதிரி எடுக்கும் முறையை விளக்கச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்ததும் வயதான விவசாயி ஒருவர் தம் கிணற்றடிக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஐந்து மாத வெள்ளைக் குட்டி ஒன்று சங்கிலியில் கட்டிக் கிடந்தது. "அய்யா, கடலை வித்த பணத்தைக் கொடுத்து வாங்கினேன். கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல. அடிச்சும் பார்த்தாச்சு, சொல்பேச்சு கேட்கல. மந்தக் குட்டியைத் தலையில் கட்டிட்டான்" என்றார். குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்புறம் பத்தடி தள்ளி நின்று ஒரு தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டச் சொன்னேன். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. குட்டியின் காது மடல்கூட அசையவில்லை. ஆனால் அவருடைய நிழல் மேலே விழுந்ததுமே துள்ளி எழுந்து வாலை ஆட்டியது. "அண்ணாச்சி, இது மந்தம் இல்லை. இதுக்குக் காது கேட்கலை" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கேட்காத பிள்ளையைப் போட்டு அடிச்சிருக்கேனே" என்றார்.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். ஆகவே மருத்துவ நண்பர் ஒருவரைக் கொண்டு பார்த்தோம். இரண்டு காதும் கேட்கவில்லை என்று அவரும் சொன்னார். இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

வெள்ளைக்கு ஏறிய மவுசு

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் ஊரின் பெயரையே இந்த இனம் தாங்கி நிற்கிறது. பாளையக்காரர் நாய் என்றும் இதைச் சொல்வதுண்டு. பாளையக்காரர்களின் படையோடு சென்று வெள்ளையர் குதிரைகளை எதிர்த்த நாய் என்று கதைகளும் வழங்குகின்றன. கதை எப்படியாயினும், பன்றி வேட்டைக்கும் வீடு, வயல் காவலுக்கும் பெயர்பெற்ற நாய் என்பதில் ஐயமில்லை. உயர்ந்த கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வீட்டாரைத் தவிர வேறு எவரையும் அண்டவிடாத குணம் ஆகியவையே இதன் அடையாளங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நாயை விட்டுப் பன்றி வேட்டையாடுவது குற்றம். ஆகவே இன்று இதற்கு எஞ்சியிருப்பது காவல் வேலைதான்.

இந்த இனத்தில் பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உயர்ந்தது என்ற எண்ணம் நெடுங்காலமாக ஊன்றிவிட்டது. கறுப்பு, பழுப்பு, திட்டு விழுந்த குட்டிகளும் இந்த இனத்தில் பிறந்தே வந்திருக்கின்றன. வெள்ளைக்குத்தான் விலை என்று ஆனபின், நிறக் குட்டிகளைப் பிறந்த அன்றே கழித்துவிடும் வழக்கமும் வளர்த்தவர்களிடம் இருந்தது. கழிப்பது என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டு நாய்கள் குறைந்து வருவதைக் கண்டு, 1980-களின் தொடக்கத்தில் தமிழக அரசின் கால்நடை பராமரிப்புத் துறை சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்களின் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். நாட்டு நாய்க்குக் கிராக்கி பிறந்தது நல்லதே. ஆனால் கிராக்கி பிறந்தால் அவசரமும் பிறக்கும். தாய் யார், தகப்பன் யார் என்று பாராமல், வெள்ளையா, மூக்குச் சிவப்பா என்று மட்டும் பார்த்து இணை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் வழக்கு தொடங்குகிறது. வெள்ளை இல்லையேல் அது ராஜபாளையமே அல்ல என்கிறது ஒரு கட்சி. அதே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்த திட்டுக்குட்டி மட்டும் எப்படி வேற்றினம் ஆகும் என்கிறது மற்றொரு கட்சி. இனத்தில் செவிட்டுக் குட்டிகள் அதிகம் என்பதை வெளிப்படையாகப் பேசி வழி தேடுவோரும் உண்டு, பேசினால் விலை போகாது என்று மூடி வைப்போரும் உண்டு. நிறத்திற்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று தெரிந்துகொண்டால் இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்ளலாம்.

நிறமும் காதும்

வெள்ளைப் பிராணிக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள உறவு புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை, சார்லஸ் டார்வின் 1859-இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். காரணம் பிற்காலத்தில்தான் விளங்கியது.

கரு வளரும்போது நிறத்தைத் தரும் உயிரணுக்கள் முதுகெலும்பு ஓரத்தில் உண்டாகி, அங்கிருந்து உடல் முழுவதும் பரவுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் விட்டாற்போல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் கடைமடை காய்கிறது அல்லவா? அதுபோல நிற அணுக்கள் குறைந்தால் முதுகிலிருந்து தொலைவான மார்பு, வயிறு, பாதம், வால் நுனி ஆகியவை முதலில் வெள்ளையாகின்றன. இன்னும் குறைந்தால் உடல் முழுதும் வெள்ளை. அந்த அணுக்கள் போய்ச் சேரவேண்டிய இடங்களில் உள்காதும் ஒன்று. அங்கே அவற்றுக்கு நிறம் தரும் வேலை இல்லை. நத்தை ஓடு போன்ற சுருளின் உட்சுவரில் இருந்துகொண்டு, ஒலியை உணரும் மெல்லிய மயிரணுக்களுக்கு வேண்டிய உப்புச் சமநிலையையும் மின்னோட்டத்தையும் காப்பதே அங்கே அவற்றின் வேலை. அவை வந்து சேராவிட்டால் அந்தச் சுவர் வாடிவிடும். குட்டி பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் மயிரணுக்களும் மடிந்துவிடும். ஒருமுறை மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. மருந்தோ எண்ணெயோ பச்சிலைச் சாறோ விட்டுப் பயனில்லை.

ஆகவே செவிட்டுத்தன்மைக்குக் காரணம் வெள்ளை மயிர் அல்ல. நிற அணுக்கள் பற்றாக்குறையே காரணம். வெள்ளை மயிர் அதன் வெளி அடையாளம். ஒரே ஈற்றில் ஒரு குட்டிக்கு இரு காதும் கேட்கும், இன்னொன்றுக்கு ஒரு காது மட்டும் கேட்கும், மற்றொன்றுக்கு இரண்டுமே கேட்காது. அணுக்கள் எந்தக் காதுக்குப் போய்ச் சேர்ந்தன என்பதைப் பொறுத்தது அது. ராஜபாளையத்தின் சிவந்த மூக்கையும், செவிட்டுக் குட்டிகள் பலவற்றில் காணும் நீலக் கண்ணையும் பார்த்தால், இதன் வெண்மையும் இந்த வகையைச் சேர்ந்தது என்று கருத இடமுண்டு. அப்படியும் பெரும்பாலான ராஜபாளையம் நாய்களுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இந்த வகை வெண்மையை மிக விரிவாக ஆராய்ந்திருப்பது டால்மேஷியன் என்ற ஐரோப்பிய நாயில். வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்குமே, அந்த நாய்தான். அதன் குட்டிகள் பிறக்கும்போது முழு வெள்ளை. புள்ளிகள் பத்துப் பதினைந்து நாட்களில்தான் எழும்பும். அதாவது புள்ளிகளுக்கு அடியில் இருப்பது வெள்ளை நாயே. அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான டால்மேஷியன் குட்டிகளைக் கருவி வைத்துச் சோதித்ததில், நூற்றுக்குச் சுமார் 8 குட்டிகளுக்கு இரு காதும், சுமார் 22 குட்டிகளுக்கு ஒரு காதும் கேட்கவில்லை. சில குட்டிகள் மட்டும் காதிலோ முகத்திலோ பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். அவற்றுள் செவிடு மிகக் குறைவு. நிற அணுக்கள் தலைப்பகுதிக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பதற்குத் திட்டே சாட்சி. ஆனால் அந்த இனத்தின் இலக்கண விதிகளோ திட்டுள்ள நாயைக் குறையுள்ளது என்று ஒதுக்கி வந்தன. காது கேட்கும் குட்டியை அழகுக்காகத் தள்ளி, ஆபத்துள்ள குட்டியைத் தாயாகவும் தகப்பனாகவும் வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் நீலக் கண்ணையும் குறையாக எண்ணி இணை சேர்ப்பதிலிருந்து விலக்கினார்கள். அங்கே செவிட்டுக் குட்டிகள் அமெரிக்காவைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள்.

காதோரம் பழுப்புத் திட்டோடு பிறந்த ராஜபாளையம் குட்டியைக் கழித்தவர்கள் செய்ததும் இதே தவறுதான் என்பது என் கருத்து. பெரியவர்கள் மனம் புண்படக்கூடும். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லா வெள்ளையும் ஒன்றல்ல

இதைப் படித்துவிட்டு வெள்ளைப் பிராணி எல்லாமே செவிடு என்று முடிவுகட்ட வேண்டாம். நம் காங்கேயம் பசுவைப் பாருங்கள். மயிர் வெள்ளை, மூக்கும் கண்ணிமையும் குளம்பும் கறுப்பு. மயிரை விலக்கினால் தோலும் கருமை. நிற அணுக்கள் எல்லா இடத்திற்கும் வந்து சேர்ந்திருக்கின்றன, மயிருக்கு மட்டும் நிறம் ஏறவில்லை. (காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து பிறகு வெளுப்பதை நீங்களே அறிவீர்கள்.) தெருவில் குரைக்கும் வெள்ளைப் பொமரேனியனின் மூக்கும் கரிக்கட்டை போலத்தான் இருக்கும். இந்த வகை வெள்ளைக்கும் காதுக்கும் தொடர்பு கிடையாது.

இந்த வேறுபாடு தெரியாமல் ஜெர்மனியில் ஒரு பெரிய அநீதி நடந்தது. அல்சேஷன் என்று நாம் சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்டு ஆட்டு மந்தை காத்த நாய். 1899-இல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அதற்கென ஒரு சங்கம் அமைத்து, ஹோராண்ட் என்ற நாயை முதல் நாயாகப் பதிவு செய்தார். அந்த ஹோராண்டின் தாய்வழிப் பாட்டனே ஒரு வெள்ளை நாய்! அப்படியிருந்தும், வெள்ளை நிறம் மற்ற நிறங்களை வெளிறச் செய்யும், நோஞ்சான் குட்டிகளைத் தரும், காதைக் கெடுக்கும் என்றெல்லாம் பழி சுமத்தி, 1933-இல் வெள்ளையைத் தகுதியற்ற நிறமாக ஆக்கினார்கள். 1968-இல் அமெரிக்காவிலும் அதே விதி வந்தது. அங்கே கழித்தது வெள்ளைக் குட்டிகளை. பின்னாளில் மரபணுவை ஆராய்ந்தபோது, அது மயிரில் கறுப்பு ஏறாமல் தடுக்கும் வேறொரு ஜீனின் வேலை என்றும், செவிட்டுத்தன்மையோடு சம்பந்தமில்லை என்றும் தெரிந்தது. அந்த நாயின் மூக்கு கறுப்பு, கண் கருமை. சுவிட்சர்லாந்தில் சிலர் அதைப் பேணி வளர்த்தார்கள். 2011-இல் அது வெள்ளைச் சுவிஸ் மேய்ப்பு நாய் என்று தனி இனமாக உலக நாய்ச் சங்கத்தின் முழு ஏற்பைப் பெற்றது.

அங்கே குற்றமற்ற வெள்ளையைத் தள்ளினார்கள். இங்கே காதுக்கு ஆபத்துள்ள வெள்ளையை வைத்துக்கொண்டு நிறக் குட்டியைத் தள்ளினோம்.

குட்டி வாங்குவோர் கவனத்திற்கு

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி அதை விற்பதும் கூடாது. காதுச் சோதனைக்கும் அந்த வயது ஏற்றது. குட்டிக்குக் காதுத் துவாரம் திறப்பதே இரண்டு வாரத்தில்தான். செவிடாவதானால் நான்கு வாரத்திற்குள் ஆகிவிடும். ஆகவே ஐந்தாறு வாரத்திற்குப் பின் சோதிப்பதே நம்பத்தக்கது.

சோதிக்கும்போது பலர் ஏமாறுகிறார்கள். குட்டிகள் கூட்டமாக இருக்கையில் கை தட்டினால் செவிட்டுக் குட்டியும் மற்றவற்றைப் பார்த்து ஓடிவரும். தரையில் காலை உதைத்தால் அதிர்ச்சியை உணர்ந்து திரும்பும். முகத்தருகே கை தட்டினால் காற்றுப் பட்டு விழிக்கும். எனவே குட்டியைத் தனியே பிரித்து, அது தூங்கும்போதோ தின்றுகொண்டிருக்கும்போதோ, அதன் பார்வையில் படாமல், நிழலும் விழாமல், காற்று வீசும் பக்கத்திற்கு எதிரே நின்று ஒலி எழுப்ப வேண்டும். தகரத்தைத் தட்டலாம், சாவிக்கொத்தைக் குலுக்கலாம், விசில் ஊதலாம். இடம் மாற்றி, நேரம் மாற்றி, மூன்று நான்கு தடவை செய்து பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்தக் குட்டியை விட்டுவிடுவதே மேல்.

ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது ஓர் அறிகுறி. உறுதி செய்வதற்குக் காதில் ஒலி கொடுத்து மூளைத்தண்டில் எழும் மின்னலையைப் பதியும் கருவிச் சோதனை இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கு வசதி உண்டா என்று விசாரிக்கலாம். காவலுக்கு ஒற்றைக் காது போதும். ஆனால் குட்டி ஈன வைக்க அந்த நாய் ஆகாது, குறையை அடுத்த தலைமுறைக்கும் அது கொடுக்கும்.

கண் நீலமாக உள்ள குட்டியைத் தவிர்ப்பது நலம். ஆனால் எல்லாக் குட்டிக்கும் கண் திறந்த புதிதில் நீலச் சாயல் இருக்கும், அது இரண்டு மாதத்திற்குள் மாறத் தொடங்கும். அதன் பிறகும் வெளிர்நீலமாகவே நின்றால்தான் ஐயப்பட வேண்டும். மூக்கு சிவப்பாக இருப்பதால் மட்டும் குட்டி செவிடு என்று தள்ள வேண்டாம். மூக்கிலோ கண்ணிமை ஓரத்திலோ கொஞ்சம் கறுப்பு இருந்தால், காதில் மங்கலான திட்டு இருந்தால், அதைக் குறை என்று சொல்லி விற்பவர் விலை குறைத்தால், மகிழ்ச்சியோடு வாங்கி வாருங்கள். தோட்டத்தில் நிற்கப்போகும் நாய்க்கு இன்னொரு நன்மையும் அதில் உண்டு. சிவந்த மூக்கும் காதோரமும் சித்திரை வெயிலில் வெந்து புண்ணாகும். எந்த ராஜபாளையம் நாயானாலும் பகலில் நிழலில் கட்டுங்கள்.

பெட்டை வைத்திருப்போர் இணை சேர்க்கும்போது ஆணின் நிறத்தை விசாரிப்பதற்கு முன், அது முன்பு ஈன்ற குட்டிகளில் செவிடு இருந்ததா என்று விசாரியுங்கள். செவிட்டு நாயை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். இரு காதும் கேட்கும் பெற்றோருக்கும் எப்போதாவது செவிட்டுக் குட்டி பிறக்கும், ஆனால் அளவு குறையும். அண்ணன் தங்கையையும் தாய் மகனையும் சேர்த்து வெள்ளையை உறுதிப்படுத்துவதாகச் சிலர் சொல்கிறார்கள். அதில் காதுக் குறையும் சேர்ந்தே உறுதிப்படும். நிறக் குட்டியையும் செவிட்டுக் குட்டியையும் கொல்வது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

செவிட்டுக் குட்டி ஏற்கனவே வீட்டிற்கு வந்துவிட்டால்? தெருவில் விடாதீர்கள். லாரி வருவது அதற்குத் தெரியாது. தூங்கும்போது தொட்டு எழுப்பாதீர்கள். திடுக்கிட்டுக் கடித்துவிடும். தரையில் ஒரு தட்டுத் தட்டி எழுப்புங்கள். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். கைச் சைகையால் பழக்கினால் வா, இரு, உட்கார் எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்யும். இரவில் டார்ச் விளக்கை இருமுறை அணைத்து ஏற்றினால் திரும்பி வரவேண்டும் என்று தீனி கொடுத்துப் பழக்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சி அப்படித்தான் பழக்கினார். அடுத்த பட்டத்தில் போனபோது அந்த வெள்ளை நாய் நன்றாக வளர்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு கறுப்பு நாட்டு நாயையும் கட்டியிருந்தார். இரவில் சத்தம் கேட்டுக் கறுப்பு எழுந்தால், அது எழுவதைப் பார்த்து வெள்ளையும் எழுந்துவிடுமாம். "முதல்ல குரைக்கிறது கறுப்பு. முதல்ல வரப்புக்கு ஓடுறது வெள்ளை" என்றார்.